குதிரைப் பண்ணையில் காசு எங்கே விளைகிறது

1983 ஜூலை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரை ஒட்டிய கீன்லேண்ட் ஏலக் களத்துக்குள் ஒரு வயது ஆண் குட்டி ஒன்றை நடத்திக் கொண்டுவந்தார்கள். அதன் முதுகில் ஏறி யாரும் பந்தயம் ஓடியதில்லை. வேகம் இருக்கிறதா இல்லையா என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒருபுறம் துபாய் ஷேக் முகமது, மறுபுறம் பிரிட்டனின் ராபர்ட் சாங்ஸ்டர் கூட்டணி. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போக, கடைசியில் ஷேக் அதை 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு எடுத்தார். ஓராண்டுக் குட்டி ஒன்று 1 கோடி டாலரைத் தாண்டியது அதுதான் முதல் முறை. ஸ்னாஃபி டான்சர் என்று பெயர் வைத்தார்கள். பயிற்சியில் ஓடவிட்டபோது அது மந்தம் என்பது தெரிந்தது. ஒரு பந்தயத்தில்கூட அதை இறக்கவில்லை. இனப்பெருக்கத்துக்காவது பயன்படும் என்று பண்ணைக்கு அனுப்பினால், அங்கும் வளமில்லை. அதற்குப் பிறந்த குட்டிகள் நான்கே நான்கு.

நமக்குப் பழக்கமான கதைதான் இது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளையெல்லாம் மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் செலவழித்துவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். அரசனிடம் குதிரைகளை ஒப்படைக்கும்போது கயிறு மாற்றிக் கொடுக்கிறார். கயிறு கை மாறியபின் குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவனுக்குப் பொறுப்பில்லை என்பது வியாபார வழக்கம். அன்று இரவே பரிகள் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. குதிரை வணிகத்தின் நுட்பம் தெரிந்தவர்கள் சொன்ன கதை இது என்றே நான் நம்புகிறேன். பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறந்ததில்லை. கடல் வழியாகத்தான் வந்தது. மன்னர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினாலும், வருட முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வந்து சேராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் கூற்று. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

ஸ்னாஃபி டான்சரின் கதையை ஏமாந்தவர் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. 1 கோடி டாலர் ஒருவர் கையை விட்டுப் போனது என்றால், அது இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. போன இடத்தைத் தேடினால்தான் குதிரை வளர்ப்பில் லாபம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் குட்டியை ஏலத்துக்குக் கொண்டுவந்த பண்ணைக்காரர். அவருக்குப் பின்னால் அந்தக் குட்டியின் தகப்பன் நார்தர்ன் டான்சர். 1961இல் கனடாவில் பிறந்த குள்ளமான குதிரை. ஓராண்டுக் குட்டியாக இருந்தபோது 25,000 டாலர் விலை சொன்னார்கள், கேட்க ஆளில்லை. அதனால் வளர்த்தவரிடமே தங்கிவிட்டது. 1964இல் அமெரிக்காவின் பெரும் பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்றது. அடுத்த ஆண்டு இனப்பெருக்கத்துக்கு விட்டபோது ஒரு சேர்க்கைக்குக் கட்டணம் 10,000 டாலர். அதன் மகன் நிஜின்ஸ்கி 1970இல் இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1980களின் நடுவில் நார்தர்ன் டான்சரிடம் ஒரு பெட்டைக் குதிரையைச் சேர்ப்பதற்கு 10 லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். சினை நிற்கும் என்ற உத்தரவாதம்கூட அதில் கிடையாது.

இனப்பெருக்கத்துக்கென்றே வைத்திருக்கும் ஆண் குதிரையைப் பொலிகுதிரை என்போம், பொலிகாளை என்பதுபோல. பொலிகாளைக்கும் பொலிகுதிரைக்கும் இடையிலுள்ள ஒரே ஒரு வேறுபாட்டில்தான் இந்தத் தொழிலின் மொத்தக் காசும் இருக்கிறது. நம் ஊரில் மாட்டைப் பொலிகாளையிடம் ஓட்டிச் செல்லும் காலம் போய்விட்டது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடுகிறார்கள். ஒரு காளையின் விந்தை ஆயிரக்கணக்கான குச்சிகளில் அடைத்து, உறைய வைத்து, ஊர் ஊராக அனுப்பிவிடலாம். எவ்வளவு உயர்ந்த காளையானாலும் அதன் வித்து ஏழை விவசாயியின் தொழுவத்துக்கும் சொற்பக் கட்டணத்தில் வந்துவிடுகிறது. பந்தயத்துக்கு ஓடும் தரோபிரெட் இனத்தில் இதற்கு இடமே இல்லை. சினை ஊசி போட்டுப் பிறந்த குட்டி, கரு மாற்றிப் பிறந்த குட்டி, குளோனிங் முறையில் படியெடுத்த குட்டி எதுவும் வம்சப் பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் ஏறாத குதிரை பந்தயத்தில் ஓட முடியாது. ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்தாக வேண்டும். பிறந்த குட்டியின் மரபணுவைச் சோதித்துத் தாய் தகப்பனை உறுதி செய்கிறார்கள். அதனால் பெட்டைக் குதிரைகளை லாரியிலும் விமானத்திலும் ஏற்றிக்கொண்டு பொலிகுதிரை இருக்கும் இடத்துக்குப் போகிறார்கள்.

இந்த விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு அர்ஜென்டினாவைப் பார்க்கலாம். போலோ ஆட்டக் குதிரைகளுக்கு இந்தத் தடை இல்லை. அங்கே புகழ்பெற்ற ஆட்டக்காரர் அடோல்ஃபோ கம்பியாசோ, குவார்டெடெரா என்ற தன் பெட்டைக் குதிரையைப் படியெடுத்தார். 2016இல் பாலெர்மோ போலோ போட்டியின் இறுதி ஆட்டத்தில் அதே குதிரையின் ஆறு படிகளில் மாறி மாறி ஏறி ஆடி வென்றார். தரோபிரெட் உலகில் இதை அனுமதித்தால் நார்தர்ன் டான்சரின் 10 லட்சம் டாலர் சில ஆயிரமாகச் சரிந்திருக்கும். இனத்தின் தூய்மைக்காகவும் மரபுவளம் குறுகாமல் இருப்பதற்காகவும்தான் தடை என்று அதன் காவலர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இந்தத் தொழிலின் பணப்பெட்டிக்குப் பூட்டாக இருப்பதும் அந்தத் தடைதான்.

பொலிகுதிரை வைத்திருப்பவரின் கணக்கு எளிது. வடகோளத்தில் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன், ஜூலை வரை பருவம். அந்தக் காலத்தில் ஒரு குதிரைக்கு நாற்பது பெட்டைகள் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். கால்நடை மருத்துவமும் ஸ்கேனும் வளர்ந்தபின், பெட்டை எந்த நாளில் கருத்தரிக்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. ஒரே சேர்க்கையில் சினை பிடிப்பதால் மிச்சமாகும் நாட்களுக்கு வேறு பெட்டைகள் வருகின்றன. இப்போது ஒரே பருவத்தில் 150, 200 பெட்டைகளைக் கடக்கும் குதிரைகள் உண்டு. கட்டணம் 50,000 யூரோ, பெட்டைகள் 150 என்று வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 75 லட்சம் யூரோ. தீனியும் ஆள் கூலியும் காப்பீடும் இதற்கு முன்னால் எம்மாத்திரம்? இதோடு நிற்கவில்லை. அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்திலுள்ள கூல்மோர் பண்ணை, வடகோளப் பருவம் முடிந்ததும் குதிரைகளை விமானத்தில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே அப்போதுதான் வசந்தம் வருகிறது. 1990இல் இப்படிப் போகத் தொடங்கிய டேன்ஹில் என்ற குதிரை, ஆஸ்திரேலியப் பந்தயக் குதிரைகளின் வம்சத்தையே மாற்றிவிட்டது. ஒரே குதிரைக்கு ஆண்டுக்கு இரண்டு அறுவடை.

வரம்பில்லாத இந்தப் பெருக்கம் மரபுவளத்தைச் சுருக்கிவிடும் என்று கவலைப்பட்ட, வம்சப் பதிவேட்டை வைத்திருக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப், ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் கூடாது என்று 2020இல் விதி கொண்டுவந்தது. 2020லும் அதற்குப் பின்னும் பிறக்கும் குதிரைகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பெரும் பண்ணைகள் வழக்குப் போட்டன; கென்டக்கி சட்டமன்றத்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. 2022 பிப்ரவரியில் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இனத்தின் நாளைய நலனை யோசித்து வைத்த ஒரே வேலியும் சாய்ந்துவிட்டது.

பெரிய குதிரைகளை ஒருவரே வைத்திருப்பதில்லை. பங்கு போடுகிறார்கள். 1973இல் செக்ரடேரியட் என்ற குதிரையை 32 பங்குகளாகப் பிரித்து, பங்கு 1,90,000 டாலர் என்று விற்றார்கள். அப்போது அது அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களை இன்னும் வென்றிருக்கவில்லை. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் ஒரு பெட்டையைச் சேர்க்கும் உரிமை. தன்னிடம் பெட்டை இல்லையென்றால் அந்த உரிமையை விற்றுக்கொள்ளலாம். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுவதுபோலத்தான். குதிரை கைமாறுவதே இல்லை. நரி கதையில் கயிறு மாற்றிக் கொடுத்தவர் பிழைத்தார். இங்கே கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தக் கயிற்றின் நிழலை மட்டும் ஆண்டுக்கு 150 பேருக்கு விற்கிறார்கள்.

ஆனால் தோப்பு பட்டுப்போவதும் உண்டு. 1981இல் 40 பங்குகளாக, மொத்தம் 1 கோடி பவுண்டு மதிப்பில் விலை பேசப்பட்ட ஷெர்கர் என்ற குதிரை, ஒரே ஒரு பருவம்தான் பொலிகுதிரையாக இருந்தது. 1983 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு அயர்லாந்துப் பண்ணையிலிருந்து முகமூடி ஆட்கள் கடத்திக்கொண்டு போனார்கள். அதன் உடல்கூடக் கிடைக்கவில்லை. தொடர்ந்து 16 பந்தயங்களை வென்ற சிகார் என்ற அமெரிக்கக் குதிரை 1990களின் இறுதியில் பண்ணைக்கு வந்தபின் ஒரு பெட்டைக்கும் சினை நிற்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் 2 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

இனி, பெட்டைக் குதிரை வைத்திருப்பவரின் பக்கம் வருவோம். தொழிலில் இருப்போரில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான். ஒன்றோ இரண்டோ பெட்டைகள், கொஞ்சம் புல்வெளி, காலையில் கொட்டிலைச் சுத்தம் செய்ய வீட்டு ஆட்களே. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட ஒருவர் 20,000 யூரோ கட்டணமுள்ள குதிரையிடம் தன் பெட்டையைச் சேர்க்கிறார் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். பெட்டையின் தீனி, லாடம், மருத்துவம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10,000 என்று கொள்வோம். குட்டி பிறந்து ஏலத்துக்குப் போகும் வரையிலான ஒன்றரை ஆண்டுக்கு இன்னொரு 15,000. பெட்டையை வாங்கிய விலையில் அதற்கு வயதாக ஆக ஆண்டுதோறும் தேயும் பகுதி 6,000. ஏலத் தரகு தனி. 50,000ஐத் தாண்டிவிட்டது. இதிலும் பெட்டை எல்லா ஆண்டும் ஈனுவதில்லை. பதினொரு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி. சில ஆண்டுகள் சினை நிற்காது, சில குட்டிகள் நிலைக்காது. உயிரோடு பிறந்த குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் கட்டணம் என்ற ஒப்பந்தம் இன்று பரவலாக இருப்பதால் அந்தப் பணம் தப்பலாம். வெறுமையாகப் போன ஆண்டின் தீனிச் செலவு தப்பாது. அதனால்தான், பொலிகட்டணத்தைப் போல மூன்று மடங்குக்குக் குட்டி விற்றால்தான் தேறும் என்று இத்தொழிலில் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாக் குட்டியும் மூன்று மடங்குக்கு விற்குமா? பிரிட்டனின் தரோபிரெட் வளர்ப்போர் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் லாபம் காணவில்லை.

காலமும் அவர்களைத் துரத்துகிறது. வடகோளத்தில் எல்லாத் தரோபிரெட்டுகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. டிசம்பர் கடைசியில் பிறந்த குட்டிக்கு ஒரே வாரத்தில் ஒரு வயது ஆகிவிடும். பிறகு தன்னைவிடப் பதினொரு மாதம் மூத்த குதிரைகளோடு அது ஓட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த குட்டிக்கு ஏலத்தில் உடம்பு நிறைந்து தெரியும். மே மாதத்துக் குட்டி ஒல்லியாக நிற்கும். ஆனால் குதிரை பகல் நீளும் வசந்தத்தில்தான் இயல்பாகப் பருவத்துக்கு வரும். ஆகவே டிசம்பர் தொடக்கத்திலிருந்தே கொட்டிலில் விளக்கெரித்து, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டி, வசந்தம் வந்துவிட்டது என்று பெட்டையின் உடம்பை நம்பவைக்கிறார்கள்.

சிறு வளர்ப்போரின் கண்ணில் படாத இன்னொரு கண்ணி, புதுக் குதிரை மோகம். பந்தயத்தில் வென்று புதிதாகப் பண்ணைக்கு வந்த பொலிகுதிரைக்கு முதல் ஆண்டில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். அதன் முதல் குட்டிகள் ஏலத்துக்கு வரும்போது ஒன்றுகூட ஓடியிருக்காது. எனவே ஒவ்வொன்றும் நாளைய வெற்றிவீரன்தான். விலையும் அதற்கேற்ப ஏறும். மூன்றாம், நான்காம் ஆண்டில் பெட்டைகள் குறையும், ஏனென்றால் உண்மை வெளிவரும் நாள் நெருங்குகிறது. குட்டிகள் ஓடி வென்றால் கட்டணம் வானத்துக்கு; தோற்றால் குதிரை வேறு நாட்டுக்கு. குட்டி ஓடுவதற்கு முன்பே கயிற்றை மாற்றிக் கொடுத்துவிடுபவருக்குத்தான் இதில் ஆதாயம். நவம்பரில் பால் மறந்த குட்டியை வாங்கி, பத்து மாதம் வளர்த்து, அடுத்த செப்டம்பரில் விற்றுவிடும் தரகு வளர்ப்பு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருப்பது இதனால்தான்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே கத்தியவாரி, மார்வாரி குதிரைகளைச் சுழி பார்த்து வாங்குவார்கள். நெற்றிச் சுழி எங்கே இருக்கிறது, கால் எந்த நிறம் என்பதில் ஆயிரங்கள் கூடும், குறையும். கீன்லேண்டில் எக்ஸ்ரே படத்தையும் தொண்டைக்குள் விடும் கேமராவையும் வைத்து அதே வேலையைச் செய்கிறார்கள். 2006இல் எல்லாச் சோதனையும் முடித்து, ஓட்டத்தையும் கடிகாரம் வைத்துப் பார்த்தபின் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு எடுத்த கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குதிரை, மூன்று பந்தயம் ஓடி ஒன்றையும் வெல்லவில்லை. அது சம்பாதித்த மொத்தப் பரிசு 10,440 டாலர்.

எளியவர்களுக்கு வழியே இல்லையா? ஒரு வழியை நான் மதிக்கிறேன். கென்டக்கியின் ஸ்பெண்ட்த்ரிஃப்ட் பண்ணையில் இன்டு மிஸ்சீஃப் என்ற குதிரை 2009இல் 12,500 டாலர் கட்டணத்தில் தொடங்கியது. கேட்பாரற்றுப் போய், பிறகு 7,500 வரை இறங்கியது. பண்ணையின் உரிமையாளர் வேய்ன் ஹியூஸ் ஒரு திட்டம் சொன்னார்: இரண்டு ஆண்டு பெட்டையை அனுப்பிக் கட்டணத்தைக் கட்டுங்கள், அதன்பின் இந்தக் குதிரை இருக்கும் காலம் வரை ஆண்டுக்கு ஒரு சேர்க்கை உங்களுக்கு உரிமை. நம்பி வந்தவர்கள் பெரும்பாலும் சிறு வளர்ப்போர். அந்தக் குதிரையின் குட்டிகள் வெல்லத் தொடங்கின. அதன் கட்டணம் பிற்பாடு 2,50,000 டாலரைத் தொட்டது. கட்டண உயர்வில் பெட்டைக்காரருக்கும் பங்கு கிடைத்த அரிய தருணம் அது. 8,000 டாலருக்கு வாங்கிய பெட்டைக்கும் மலிவான பொலிகுதிரைக்கும் பிறந்து, 2014இல் கென்டக்கி டெர்பியை வென்ற கலிஃபோர்னியா குரோம் போன்ற குதிரைகளும் உண்டு. அப்படி ஒன்று பிறந்தால் அதைக் கேட்டு நூறு பேர் பெட்டை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதைப்பு.

அரசாங்கத்தின் கையும் லாபத்தை எழுதுகிறது. அயர்லாந்தில் நிதியமைச்சராக இருந்த சார்லஸ் ஹாகி 1969இல் பொலிகட்டண வருவாய்க்கு வருமான வரி விலக்குக் கொடுத்தார். கூல்மோர் உலகின் முதல் நிலைக்கு எழுந்ததில் அதை நடத்திய ஜான் மேக்னியரின் கூர்மையும் பயிற்சியாளர் வின்சென்ட் ஓபிரையனின் கண்ணும் எவ்வளவோ, அந்த விலக்கும் அவ்வளவு. 2008இல் விலக்கு முடிந்தது. அதற்குள் வேர் பாய்ந்துவிட்டது. சுண்ணாம்புப் பாறை மண் எலும்பை வலுவாக்கும் என்பதால் டிப்பரரியும் கென்டக்கியும் குதிரைக்கு உகந்தவை என்று சொல்வார்கள். ஆனால் அதே கென்டக்கி மண்ணில் 2001 வசந்தத்தில் காட்டுச் செர்ரி மரங்களில் கம்பளிப்புழுக்கள் பெருகின. புல்லோடு சேர்த்து அவற்றைத் தின்ற பெட்டைகளுக்குக் கரு கலைந்தது. ஆயிரக்கணக்கான குட்டிகள் போயின. புழுதான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் அந்த ஆண்டின் விளைச்சல் பாழ்.

புழுவைவிடக் கடன் கொடியது. கென்டக்கியின் காலுமெட் பண்ணை 1924இல் தொடங்கியது. அதன் குதிரைகள் எட்டு முறை கென்டக்கி டெர்பியை வென்றன. மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றவர்களில் வேர்ல்அவேயும் சைட்டேஷனும் அதன் பிள்ளைகள். 1980களின் தொடக்கத்தில் ஷேக்குகளும் சாங்ஸ்டரும் போட்டியிட்டு விலையை ஏற்றிய காலத்தில், பொலிகுதிரையின் எதிர்கால வருவாயைக் காட்டி வங்கிகளிடம் கடன் வாங்கிக் குவித்தார்கள். பிறகு விலைகள் இறங்கின. 1986இன் அமெரிக்க வரிச் சட்டம், டாக்டர்களும் வழக்கறிஞர்களும் குதிரைப் பண்ணை நட்டத்தைக் காட்டி வேறு வருமானத்தின் வரியைக் குறைத்துக்கொண்ட வழியை அடைத்தது. வாங்குவோர் கூட்டம் கலைந்தது. காலுமெட்டின் வருவாயைத் தாங்கியது ஆலிடார் என்ற ஒரே குதிரை. 1990 நவம்பரில் அது கொட்டிலில் கால் முறிந்து நின்றது; இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. அதன் மீது 3 கோடியே 65 லட்சம் டாலருக்குக் காப்பீடு இருந்தது. அது எப்படி முறிந்தது என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. 1991இல் பண்ணை திவாலானது; அடுத்த ஆண்டு ஏலத்தில் போனது. பண்ணையை நடத்தியவருக்கு வங்கி மோசடி வழக்கில் பின்னர் சிறை. வட அமெரிக்காவில் 1986இல் பதிவான தரோபிரெட் குட்டிகள் 51,296. இப்போது ஆண்டுக்கு 18,000க்கும் கீழே.

இவ்வளவு பணத்துக்கும் ஊற்று எது? குட்டியை வாங்குபவர் எதை நம்பி வாங்குகிறார்? பந்தயப் பரிசு. பரிசுக்குப் பணம் பந்தயம் கட்டுகிற பொதுமக்களிடமிருந்து வருகிறது. இதை ஜப்பானைப்போல் தெளிவாகக் காட்டும் நாடு வேறில்லை. அங்கே அரசின் மேற்பார்வையிலுள்ள ஜப்பான் பந்தயக் கழகத்தின் வழியாக ஆண்டுக்கு 3 லட்சம் கோடி யென்னுக்கு மேல் பந்தயம் கட்டுகிறார்கள். ஜப்பான் கோப்பையின் முதல் பரிசு 50 கோடி யென். நன்றாக ஓடும் குதிரை தன் தீனிக்குமேல் சம்பாதிக்கும் என்ற நம்பிக்கை இருப்பதால் ஹொக்கைடோவின் பண்ணைகள் நிற்கின்றன.

அந்தப் பண்ணைகளை உயர்த்திய குதிரை அமெரிக்கா வேண்டாமென்று விட்டது. சண்டே சைலன்ஸ், 1986இல் பிறந்தது. பின்னங்கால் வளைவு சரியில்லை என்று ஏலத்தில் யாரும் நல்ல விலை கேட்கவில்லை. ஒருமுறை அது வந்த வண்டியின் ஓட்டுநர் மாரடைப்பில் இறந்து வண்டி கவிழ, உயிர் பிழைத்தது. 1989இல் கென்டக்கி டெர்பியை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த குதிரையும் அதுதான். அப்போதும் அமெரிக்க வளர்ப்போர் அதன் பங்குகளை வாங்க முன்வரவில்லை, தாய்வழி எளியது என்று. ஹொக்கைடோவின் ஷாடாய் பண்ணையை நடத்திய ஜென்யா யோஷிடா அதை வாங்கிக்கொண்டு போனார். 1995 முதல் 2007 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் ஜப்பானின் முதல் நிலைப் பொலிகுதிரை அதுவே. அது 2002இல் இறந்தபின்னும் அதன் குட்டிகள் வென்றுகொண்டிருந்தன. அதன் மகன் டீப் இம்பாக்ட் அடுத்த தலைமுறையை ஆண்டது. சண்டே சைலன்ஸின் இடத்துக்கு அதே பண்ணை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு வாங்கிய வார் எம்ப்ளம் என்ற குதிரை பெரும்பாலான பெட்டைகளை நெருங்க மறுத்தது.

ஜப்பானுக்குப் போன இன்னொரு கென்டக்கி டெர்பி வெற்றியாளரையும் சொல்லியாக வேண்டும். ஃபெர்டினாண்ட், 1986இல் வென்றது. பொலிகுதிரையாக எடுபடவில்லை. 1994இல் ஜப்பானுக்கு விற்றார்கள்; அங்கும் எடுபடவில்லை. 2002இல் அது இறைச்சிக்கூடத்தில் முடிந்துபோனது பின்னால்தான் தெரியவந்தது. அமெரிக்காவின் கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. லாரிகள் மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் திரும்பின. பண்ணைகளின் வரவுசெலவு ஏட்டில் வேண்டாத குதிரையின் முதுமைக்கு ஒரு பத்தி இல்லை. அந்தச் செலவையும் எழுதினால் இன்று லாபமாகத் தெரிவதில் எவ்வளவு மிஞ்சும் என்ற கேள்வியை வளர்ப்போர் முதலில் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலும் ஊற்று அதேதான், அது வற்றிக்கொண்டிருக்கிறது. கிண்டியில் 1777 முதல் குதிரை ஓடியது. தமிழ்நாடு அரசு 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததால் அது பிழைத்தது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து கிண்டியின் சுமார் 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. கட்டும் பணத்துக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 40 ஆனது. பந்தயம் கட்டுவோர் குறைந்தால் பரிசு குறையும், பரிசு குறைந்தால் குட்டிக்கு விலை குறையும். பந்தயத்தை எதிர்ப்போரின் நியாயம் எனக்குத் தெரியும்; குடும்பங்கள் அழிந்ததை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் களத்தை மூடும்போது லாயத்தில் நிற்கும் உயிர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்தியக் குதிரை வளர்ப்பில் மிகப் பெரிய லாபம் பந்தயத்திலிருந்து வரவேயில்லை. புனேவில் பூனாவாலா குடும்பத்தின் குதிரைப் பண்ணை 1946இல் தொடங்கியது. ஓடி ஓய்ந்த குதிரைகளை அவர்கள் மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். குதிரைக்குச் சிறிது சிறிதாக நச்சைச் செலுத்தினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறும். அதைப் பிரித்தெடுத்தால் மனிதருக்கு மருந்து. குதிரையைக் கொடுப்பதற்குப் பதில் நாமே அந்த மருந்தைத் தயாரித்தால் என்ன என்று சைரஸ் பூனாவாலா யோசித்தார். 1966இல் சீரம் நிறுவனம் பிறந்தது. தயாரிக்கும் டோஸ் எண்ணிக்கையில் இன்று உலகின் மிகப் பெரிய தடுப்பூசி நிறுவனம் அது.

அந்த வேலையைச் செய்யும் குதிரைக்கு வம்சப் பதிவேடு தேவையில்லை, தகப்பன் பெயர் தேவையில்லை. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சு மருந்து நிறுவனங்களின் குதிரை லாயங்களுக்குப் போகிறது. சேறடித்த வயலில் நடவுக்கு இறங்கி விரியன் கடித்துத் தாலுகா மருத்துவமனைக்குத் தூக்கி வரப்படும் பெண்ணுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து, பந்தயமே ஓடாத ஏதோ ஒரு குதிரையின் கழுத்திலிருந்து எடுத்த இரத்தத்தில் உண்டானது.